நீயேதான் சொன்னே, அக்கா

"எனக்குப் பழி வாங்கணும். கொஞ்சம் சீக்கிரமா," என்றார் தோர்டிஸ். "யாரைன்னு மறந்துபோறதுக்குள்ள."

துப்பறியும் யோருன், வாய்வரை கொண்டுபோன காபியைக் கீழே வைத்தாள். தூண்டில் கடைக்கு மேலே இருக்கிற அந்தச் சின்ன அறைக்கு யார் யாரோ ஏறி வந்திருக்கிறார்கள். தன் படகுக் கொட்டகைக்குத் தானே தீ வைத்துவிட்டு, 'யார் வச்சான்னு கண்டுபிடி' என்று வந்து நின்றவனைக்கூட அவள் பார்த்திருக்கிறாள். கெடு வைத்துக்கொண்டு கோபப்படுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

சன்னலோரம் நின்ற ஐலிஃப் தொண்டையைக் கனைத்தான். யோருனின் உதவியாளன். இதற்கு முன்பு படகுத்துறைக் கடையில் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தான். அங்கே வாஃபிளைவிட அவன் வாய்க்குத்தான் கூட்டம் வரும்.

"பல் டாக்டரம்மா பழி வாங்கக் கிளம்பிட்டாங்கன்னா, நான் வாயை மூடிக்கிறேன்."

"உனக்கு மூடத் தெரிஞ்சிருந்தா அத்தனை இனிப்பு உள்ளே போயிருக்குமா? கடைவாய்ப் பல்லாவது தப்பிச்சிருக்கும்," என்றார் தோர்டிஸ்.

ஹெல்லவிக் ஊரில் தோர்டிஸ் முன்னால் வாய் திறக்காத ஆள் கிடையாது. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். கிளினிக்கை மூடிவிட்டுத் தனியாக இருக்கிறார். போன இலையுதிர் காலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, மறதி நோயின் ஆரம்பம் என்று சொல்லிவிட்டார்கள். அதை அவர் ஒளித்து வைக்கவில்லை. கடையில், தபால்காரரிடம், ஜெபக்கூடத்தில் என்று எல்லா இடத்திலும் அவரே சொன்னார்: 'எனக்கு மறக்குது. ரெண்டாந்தரம் கேட்டா பதில் சொல்லுங்க. மூஞ்சியை மட்டும் பாவமா வச்சுக்காதீங்க.'

"என்ன திருட்டுப் போச்சு?" என்றாள் யோருன்.

"என் சதுப்பு."

ஐலிஃபின் சிரிப்பு அப்படியே நின்றது. தலையில் தொப்பி இருந்திருந்தால் கழற்றியிருப்பான்.

அவனைக் குறை சொல்லாதீர்கள், கண்ணுகளா. மூல்ட்டெப் பழம் என்றால் எங்கள் பக்கம் அப்படித்தான். சதுப்பில், காம்புக்கு ஒரே ஒரு பழமாக, பொன் நிறத்தில், கோடையில் கொஞ்ச நாள் மட்டும் பழுக்கும். நட்டு வளர்க்க முடியாது, தேடித்தான் எடுக்க வேண்டும். நல்ல சதுப்பைக் கண்டவர் அதைக் கட்டினவருக்குச் சொல்ல மாட்டார், பாதிரியாருக்குச் சொல்ல மாட்டார். சாகிற நேரத்தில் யாராவது ஒருவர் காதில் சொல்லிவிட்டுச் சாவார்.

"எங்கப்பா அதையும் ஒழுங்கா செய்யலே," என்றான் ஐலிஃப். "கடைசி மூச்சுல 'வடக்கே'ன்னார். போயிட்டார். வடக்கே பாதி நாடு கிடக்கு."

"எங்கப்பா ஒழுங்கா சொன்னார். என் காதுல," என்றார் தோர்டிஸ். "என் தம்பி ஓட்வார் அப்ப கதவுக்கு வெளியே நின்னான். அன்னையிலேர்ந்து வெளியேதான் நிக்கிறான். போன வாரம் நான் சதுப்புக்குப் போனேன். ஒரு பழம் இல்லே. மொட்டைக் காம்பா நிக்குது. மறுநாள் ஓட்வார் வாளி நிறையப் பழத்தோட என் சமையலறைக்கு வந்தான். என் கிண்ணத்துல பாதியைக் கொட்டினான். 'உன் சதுப்புதான் அக்கா. ஈஸ்டர் அன்னைக்கு நீயேதான் வழி சொன்னே. மறந்துட்டியா?'ன்னு கேட்டான். கேட்டுட்டு என் தலையைத் தடவிக் கொடுத்தான்."

அவர் விரல்கள் மேசை விளிம்பை இறுக்கின.

"தடவிக் கொடுத்தான், யோருன். நாய்க்குட்டியைத் தடவுற மாதிரி."

"நீங்க சொல்லியிருக்க வாய்ப்பு இல்லையா?"

தோர்டிஸ் கோபப்படவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் வந்தவர் போல நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"ஒரு பல் போச்சுன்னா நாக்கு என்ன செய்யும்? சும்மா சும்மா அந்த ஓட்டையைத் தடவிப் பார்க்கும். என் மறதியும் அப்படித்தான். பாலைக் கொண்டுபோய்த் துணி அலமாரியில வச்சிருப்பேன். எங்கேன்னு தெரியாது. ஆனா என்னவோ ஒண்ணு போயிருக்குன்னு நாக்கு கண்டுபிடிச்சிடும். ஈஸ்டர்ல நாக்கைப் போட்டுத் தடவிப் பார்த்தேன். அங்கே வழவழன்னு இருக்கு. அங்கே யாரும் பல் பிடுங்கலே."

"அப்புறம் என்ன?"

"நாக்கே மரத்துப்போயிருந்தா?" என்றார் தோர்டிஸ் மெதுவாக. "நான் எத்தனை பேருக்கு ஊசி போட்டு மரத்துப்போக வச்சிருக்கேன்! வாயில ரத்தம் வழியும், அவங்க சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. மறந்தது தெரியுற வரைக்கும் பயமில்லே, அந்தத் தெரியுறதும் ஒரு நாள் போகும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அந்த நாள் வந்துட்டா அதை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

ஐலிஃப் சன்னலோரத்திலிருந்து வந்து அவருக்கு ஒரு காபி ஊற்றி வைத்தான்.

"திங்கட்கிழமை ஊராட்சியிலேர்ந்து ஒரு அம்மா வர்றா. முதியோர் இல்லத்துல எனக்கு இடம் இருக்காம். ஓட்வார் ஏற்பாடு. நான் என்ன முடிவு பண்ணியிருக்கேன்னா, அந்தச் சதுப்பை நான் சொல்லியிருந்தா, என் வாய் என் வசத்துல இல்லே. அப்ப நானே பெட்டியைக் கட்டிட்டுப் போயிடறேன். சொல்லலேன்னா..."

"சொல்லலேன்னா?"

"அவனைச் சும்மா விடமாட்டேன். சட்டத்துல இது குத்தம் இல்லே, எனக்குத் தெரியும். காட்டுல விளைஞ்சது பறிச்சவனுக்கு. போலீஸ்ல சொன்னா காபி குடுத்து அனுப்புவாங்க. அதனாலதான் உன்கிட்ட வந்தேன்."

யோருன் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். "நீங்க சொல்லலேன்னு நிரூபிக்க முடியாது, டாக்டரம்மா. சொல்லாத பேச்சுக்குத் தடம் கிடையாது. ஆனா வழியை அவர் எப்படித் தெரிஞ்சுக்கிட்டாரோ அப்படித்தான் நடந்திருப்பார். நடந்ததுக்குத் தடம் உண்டு. வாங்க, காட்டுங்க."

தோர்டிஸ் அசையவில்லை. "சதுப்பையா? உனக்கா?"

"பக்கத்துல வரைக்கும்."

நீண்ட யோசனைக்குப் பிறகு அவர் கழுத்திலிருந்த கம்பளித் துண்டை அவிழ்த்து யோருனிடம் நீட்டினார். "இவன் கண்ணைக் கட்டு."

"அப்ப வண்டியை யார் ஓட்டுறது, தலைவி?" என்றான் ஐலிஃப்.

*

கடைசியில் கண்கட்டு இல்லாமலேதான் போனார்கள். ஆனால் ஒரு பாறை மேட்டைக் காட்டி, அதற்கு அந்தப் பக்கம் வர மாட்டோம் என்று இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார் தோர்டிஸ்.

"யாருக்காவது வழி சொல்லணும்னா எப்படிச் சொல்லுவீங்க?" என்று யோருன் கேட்டாள்.

"சொல்ல மாட்டேன்."

"ஒரு பேச்சுக்கு."

"மின்கோபுரத்துக்கிட்ட வண்டியை நிறுத்தி, நேரா மேலே ஏறுன்னு சொல்லுவேன். குறுக்கு வழி. மூச்சு வாங்கறதுக்குள்ள வந்துடும்."

"நீங்க அப்படித்தான் போவீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா?" தோர்டிஸ் முதல் முறையாகச் சிரித்தார். "நான் தூண்டிலைத் தோள்ல போட்டுக்கிட்டு ஏரிப்பக்கம் போவேன், மீன் பிடிக்கப் போறவ மாதிரி. ஏரியைச் சுத்துவேன். ஓடையைத் தாண்டுவேன். திரும்பி வந்து அதே ஓடையை மறுபடி தாண்டுவேன்."

"மறுபடி எதுக்கு?" என்றான் ஐலிஃப்.

"முதல் தரம் தாண்டுறதைப் பார்த்தவன், சரி இவ அந்தப் பக்கம் போயிட்டான்னு வீட்டுக்குப் போயிருப்பான் இல்லே?"

"இந்த மூளையிலயா மறதி வந்துச்சு? என் மூளைக்கு வந்திருந்தா அதுக்கே போரடிச்சுத் திரும்பிப் போயிருக்கும்."

முதலில் குறுக்கு வழியைப் பார்த்தார்கள். மின்கோபுரத்துக்கு மேலே சரிவு முழுக்க வெள்ளைப்பாசி. மழை இல்லாத நாளில் அது அப்பளம் மாதிரி. மிதித்தால் நொறுங்கும், நொறுங்கினால் வருஷக்கணக்கில் தழும்பு நிற்கும். சரிவில் ஒரு நொறுங்கல் இல்லை.

"சொல்லிக் குடுத்த வழியில யாரும் வரலே," என்றாள் யோருன்.

பிறகு ஏரிப்பக்கம் போனார்கள். அங்கே தோர்டிஸின் சின்னக் காலடித் தடத்தோடு ஒட்டியே ஒரு பெரிய பூட்ஸ் தடமும் போயிருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்த குதிகால். ஓடையில் இறங்கியது. கரையேறியது. கொஞ்ச தூரம் போய், திரும்பி வந்து, அதே ஓடையில் மறுபடி இறங்கியது.

ஐலிஃப் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "தலைவி, வழி சொல்றவங்க யாராவது ஊரை ஏமாத்துற சுத்தையும் சேர்த்துச் சொல்லுவாங்களா? அல்வா குடுக்கறப்ப இலையையும் சேர்த்துத் தின்னுன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"இவர் இலையையும் தின்னிருக்கார்," என்றாள் யோருன். "பின்னாலேயே வந்திருப்பாரோ?"

"வாய்ப்பே இல்லே," என்றார் தோர்டிஸ். "சுத்திப் பாரு, மொட்டை மலை. முயல் வந்தாலும் தெரியும். நான் திருடி மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டுத்தான் நடப்பேன். அவனுக்கு முட்டிவலி வேற. மூச்சு விட்டா அடுத்த பண்ணைக்குக் கேட்கும்."

பெரிய தடம் மேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் திடீரென்று விலகியது. சதுப்புப் பக்கம் போகாமல் தெற்கே இறங்கியது. ஒரு குட்டையைச் சுற்றியது. மறுபடி சுற்றியது. மனிதர் போக ஒரு காரணமும் இல்லாத பள்ளம் அது. நடுவில் ஒரு கறுப்புக் கல். தடம் அந்தக் கல் வரை போய், அங்கிருந்து திரும்பி மேட்டை நோக்கி ஏறியது. கல்லுக்கு அடியில், உதட்டுக்குள் அடக்கிச் சப்பித் துப்பின புகையிலைப் பொட்டலம் ஒன்று கிடந்தது.

"ஓட்வார் சப்புறதுதான்," என்றான் ஐலிஃப். "ஆனா இங்கே எதுக்கு வந்தார்? பழமும் இல்லே, மீனும் இல்லே. தியானமா?"

யோருன் திரும்பிப் பார்த்தாள். தோர்டிஸின் முகம் வெளுத்திருந்தது.

"டாக்டரம்மா, இந்தப் பக்கம் நீங்க வருவீங்களா?"

"வரமாட்டேன்."

"எப்பவாவது?"

தோர்டிஸ் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்று அவர் தலைமுடியைக் கலைத்தது, அவர் ஒதுக்கிக்கொள்ளவில்லை.

"ஒரே ஒரு தரம். ஜூன் மாசம். பூ பூத்திருக்கான்னு பார்க்க வந்தேன். திரும்பறப்ப திடீர்னு எல்லாம் போயிடுச்சு. இந்த மலை எந்த மலை, வீடு எந்தப் பக்கம், ஒண்ணும் தெரியலே. இந்தக் குட்டையைச் சுத்திச் சுத்தி வந்தேன். அப்புறம் இந்தக் கல் மேல உட்கார்ந்துட்டேன். மழை பிடிச்சுக்கிச்சு. ரொம்ப நேரம். மேகம் விலகி கடல் தெரிஞ்சப்பதான் நான் யாருன்னே ஞாபகம் வந்துச்சு." அவர் யோருனைப் பார்த்தார். "எல்லா மறதியையும் ஊருக்குச் சொன்னேன். இதை மட்டும் யார்கிட்டயும் சொல்லலே. சொல்லியிருந்தா அன்னைக்கே பெட்டி கட்டியிருப்பாங்க."

"யாருக்கும் தெரியாது?"

"கர்த்தருக்குத் தெரியும். எனக்குத் தெரியும்."

யோருனின் கண் அவர் இடுப்பில் நின்றது. சாவிக்கொத்தோடு ஒரு சாம்பல் நிறப் பொத்தான் தொங்கியது.

"அது என்ன?"

"இதுவா? ஓட்வார் கிறிஸ்துமஸுக்குக் குடுத்தது. நான் வழி தவறிட்டா எங்கே இருக்கேன்னு அவன் போன்ல காட்டும். நல்லதுக்குத்தானேன்னு..." தோர்டிஸ் பாதியில் நிறுத்தினார்.

"எங்கே இருக்கீங்கன்னு காட்டும்," என்றாள் யோருன். "எங்கெல்லாம் போனீங்கன்னும் கோடு போட்டுக் காட்டும். தெரியாத சதுப்புல கண்ட இடத்துல கால் வச்சா இடுப்பு வரைக்கும் இறங்கிடும்னு அவருக்குத் தெரியும். அதனால உங்க கோட்டை விட்டு ஒரு அடி விலகாம நடந்திருக்கார். ஏமாத்துற சுத்து எது, தொலைஞ்ச சுத்து எதுன்னு கோட்டுக்குத் தெரியாது."

"பாலுக்குப் பூனையைக் காவல் வச்ச கதை," என்றான் ஐலிஃப். இந்த முறை அவன் குரலில் வேடிக்கை இல்லை.

தோர்டிஸ் நிமிர்ந்து நின்றார். "அப்ப நான் சொல்லலே."

"நீங்க சொல்லலே."

"என் நாக்கு மரத்துப்போகலே." அவர் கண்ணில் நீர் வந்தது. அது வழிவதற்குள் முகம் இறுகிவிட்டது. "இனி அவனுக்கு இருக்கு."

"பொறுங்க. தடத்தைக் காட்டினா, 'பத்திரமா இருக்காளான்னு பார்க்கப் போனேன், வழி அக்கா சொன்னதுதான்'னு சொல்லிடுவார். இந்தக் கல்லைப் பத்தி அவர் வாயாலேயே வரணும். வரவழைக்கிறேன். ஆனா இது என்ன கல்லுன்னு நான் சொல்ல மாட்டேன், டாக்டரம்மா. அது உங்க விஷயம். நீங்க வாயைத் திறந்தா அவர் மாட்டுவார். திங்கட்கிழமை வர்ற அம்மா காதுக்கும் அது போகும்."

தோர்டிஸ் பொத்தானைக் கோட்டுக்குள் தள்ளிவிட்டு இறங்க ஆரம்பித்தார்.

*

சனிக்கிழமை மத்தியானம் ஜெபக்கூடத்தில் மூல்ட்டெ விருந்து. வருஷா வருஷம் தோர்டிஸ் கொண்டுவரும் பழம்தான் கிரீமில் கலக்கும். இந்த வருஷம் பெரிய கிண்ணத்துக்குப் பின்னால் கரண்டியோடு நின்றவன் ஓட்வார். வெள்ளைச் சட்டை, வழுக்கைத் தலையில் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாம் அக்கா குடுத்தது," என்று வரிசையில் வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னான். "பாவம், குடுத்ததும் மறந்துடுச்சு அவளுக்கு."

யோருன் தட்டை நீட்டினாள். "அமோகமா விளைஞ்சிருக்கே! எப்படிப் போனீங்க?"

கூடத்தில் பாதிப் பேர் அதிர்ந்துபோய்த் திரும்பினார்கள். அப்படிக் கேட்பது பெட்டியைத் திறந்து உள்ளாடையைக் காட்டச் சொல்வது போல.

"என்னம்மா கேள்வி இது?" என்று சிரித்தான் ஓட்வார்.

"ஐயோ, பழம் இருக்கிற இடத்தைக் கேட்கலே. அன்னைக்கு மலைப்பக்கம் போனப்ப கறுப்புக் கல் ஒண்ணு பார்த்தேன், குட்டை ஓரமா. உங்க புகையிலைப் பொட்டலம் கிடந்துச்சு. அங்கேதான் பழமே இல்லையே, அங்கே எதுக்குப் போனீங்கன்னு யோசிச்சேன்."

ஓட்வாரின் கரண்டி ஒரு கணம் தயங்கியது. ஊரே பார்க்கிறது. பதில் சொல்லாவிட்டால் சந்தேகம் வரும். பழம் இல்லாத இடம், சொன்னால் நஷ்டம் இல்லை.

"அதுவா?" குரலை உயர்த்தினான். "அதுவும் அக்கா சொன்ன வழியிலதான் வருது. எங்கப்பாவோட பழைய தந்திரம். குட்டையைச் சுத்தி, கல் மேல உட்கார்ந்து, அப்புறம்தான் போகணும். பின்னால வர்றவன் குழம்பிடுவான் பாருங்க! ஈஸ்டருக்கு அக்கா ஒண்ணு விடாம சொன்னா."

"கல்லுல உட்காரணும்னும் சொன்னாங்களா?"

"அதைத்தான் முக்கியமா சொன்னா."

ஐலிஃப் வாயில் வைத்த கிரீமை விழுங்க மறந்தான். யோருன், தோர்டிஸ் உட்கார்ந்திருந்த மூலை மேசையைப் பார்த்தாள்.

தோர்டிஸ் எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், பிறகு கையை எடுத்துவிட்டார்.

"அது அப்பா தந்திரம் இல்லே, ஓட்வார். அது என் வியாதி."

வரிசையில் நின்றவர்கள் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"அங்கேதான் நான் தொலைஞ்சேன். ஜூன் மாசம். ஈஸ்டருக்கு அப்புறம். வீடு எந்தப் பக்கம்னு தெரியாம அந்தக் குட்டையைச் சுத்தினேன். நான் யாருன்னு தெரியாம அந்தக் கல்லுல உட்கார்ந்திருந்தேன். யோருன் கேட்கிற வரைக்கும் இதை நான் ஒரு உயிர்கிட்டயும் சொன்னதில்லே. எல்லாரும் கேட்டுக்கங்க, இப்பதான் முதல் தரம் ஊரறியச் சொல்றேன். இவன் மலைக்குப் போனப்ப எனக்கும் இந்தப் பொத்தானுக்கும் மட்டும்தான் அது தெரியும்." சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டினார். "நீ என் வியாதி மேல ஏறி நடந்து போயிருக்கே. சுத்து விடாம."

ஓட்வாரின் காது மடல்கள் சிவந்தன. "அக்கா, நீ பத்திரமா இருக்கணும்னுதானே நான் அதைப் பார்த்தேன்..."

"பார்த்தே." தோர்டிஸ் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். நெற்றி சுருங்கியது. எதையோ மெதுவாக எட்டிப் பிடிக்கிற முகம். யோருன் மூச்சை அடக்கினாள். மலையிலேயே அவளுக்கு இது தோன்றியிருந்தது. சொல்ல மனம் வராமல் விழுங்கியிருந்தாள்.

"பார்த்தே, இல்லே?" என்றார் தோர்டிஸ். "அன்னைக்கும் பார்த்திருப்பே. என் கோடு சுத்திச் சுத்தி வந்திருக்கும். அப்புறம் ஒரே இடத்துல நின்னிருக்கும். மழை பெஞ்சுது. எவ்வளவு நேரம் நின்னுச்சு, ஓட்வார்? வந்தியா?"

ஓட்வார் கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஒரு போன் பண்ணியா?"

"நீ... நீ ஏதோ ஓய்வெடுக்கிறேன்னு..."

"பழம் இருக்கிற இடம்னு நினைச்சே. உன் அக்கா மழையில செத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா, நீ இடத்தைக் குறிச்சுக்கிட்டு இருந்தே."

முன்வரிசையில் யாரோ ஒரு பெண் தன் கிண்ணத்தைக் கீழே வைத்துத் தள்ளிவிட்டாள். பக்கத்தில் இருந்தவரும் தள்ளினார். கூடம் முழுக்கக் கிண்ணங்கள் மேசையில் உரசும் சத்தம் கேட்டது.

தோர்டிஸ் ஊரைப் பார்த்துத் திரும்பினார். கிளினிக்கில் பேசுகிற பழைய குரல் வந்திருந்தது.

"வடக்கு ரோட்டுல மின்கோபுரம் இருக்கு இல்லே? அதுக்கடியில வண்டியை நிறுத்துங்க."

யோருன் திடுக்கிட்டாள். "டாக்டரம்மா!"

"நேரா மேலே ஏறுங்க. வெள்ளைப்பாசி முடியற இடத்துல பிளந்த பாறை. அதுக்கு இடது கைப்பக்கம் இறங்கினா பாறை மேடு. மேட்டுக்குப் பின்னால சதுப்பு, கண்ணுக்கெட்டின தூரம். நடுவுல பச்சையா மினுக்குற இடத்துல கால் வைக்காதீங்க, ஆழம். விளிம்போடயே போங்க."

ஒரு கிழவர் மரியாதைக்குக் காதைப் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கு மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது.

"அடுத்த வருஷம் ஊரே போய்ப் பறிங்க. அதுக்கடுத்த வருஷமும். இவன் போனா ஒரு பழம்கூட மிஞ்சியிருக்கக் கூடாது." தம்பி பக்கம் திரும்பினார். "இதுதான் நான் சொல்றது, ஓட்வார். நான் வாயைத் திறந்து சொன்னா எப்படி இருக்கும்னு இப்பத் தெரிஞ்சுதா?"

ஓட்வார் கிண்ணத்துக்குப் பின்னால் சுருங்கிப்போய் நின்றான். கூடம் மெல்லக் கலைந்தது. வெளியே போகிறவர்கள் தோர்டிஸின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவன் பக்கம் யாரும் பார்க்கவில்லை. நிறைந்த கிண்ணத்தில் கிரீம் உருகிக்கொண்டிருந்தது.

எல்லோரும் போன பிறகு அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினான். "இந்தா அக்கா. அழிச்சுடு. இனிமே நான் பார்க்க மாட்டேன். வேற யாராவது பார்த்துக்கட்டும்."

"வேற யாரும் வேண்டாம். நீதான் பார்ப்பே."

"அக்கா?"

"எனக்கு இந்தப் பொத்தான் வேணும். நான் மறுபடி தொலைவேன், அது எனக்குத் தெரியும். ஒவ்வொரு தரமும் நீதான் நடந்து வரணும். மழையானாலும், உன் முட்டி கழண்டாலும். வந்ததும் முதல்ல நீ என்ன செஞ்சேன்னு எனக்குச் சொல்லணும். பொத்தான் குடுத்தது, கோடு பார்த்தது, நான் நின்னது, நீ வராதது. எல்லாம். அதுக்கு அப்புறம்தான் நான் எழுந்திரிச்சு வருவேன்."

"உனக்கு அது மறந்தே போயிட்டாலுமா?"

"மறந்துபோனாதான் முக்கியமா சொல்லணும்." தோர்டிஸ் கோட்டை எடுத்து மாட்டினார். "என் கோபம் என்கிட்ட ரொம்ப நாள் தங்காது. அதை நான் எங்கே வச்சுட்டுப் போறது? உன்கிட்டதான்."

*

திங்கட்கிழமை வந்த அம்மாவிடம் தோர்டிஸ் கல்லைப் பற்றி அவரே முதலில் சொன்னார். இவ்வளவு தெரிந்தவரை எங்கே கொண்டுபோவது என்று அந்த அம்மா பெட்டியைப் பற்றிப் பேசாமலே போனாள். காலையும் மாலையும் ஒரு தாதி வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போக ஏற்பாடானது.

இலை உதிர ஆரம்பித்த பிறகு ஒரு நாள், யோருனும் ஐலிஃபும் வேறொரு வேலையாகப் படகுத்துறையில் வண்டிக்குள் காத்திருந்தார்கள். மழை கொட்டியது. துறை ஓரத்தில், மீன் பெட்டிகள் மேல், தலையில் ஒன்றும் போடாமல் தோர்டிஸ் உட்கார்ந்திருந்தார்.

ஐலிஃப் கதவைத் திறக்கப் போனான். யோருன் அவன் கையைப் பிடித்தாள். ரோட்டுப் பக்கமிருந்து ஓட்வார் நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தான்.

அவன் குடையை அக்கா தலைக்கு மேல் பிடித்தான். குனிந்து பேச ஆரம்பித்தான். மழைச் சத்தத்தில் வார்த்தை கேட்கவில்லை. தோர்டிஸ் அவனை யாரோ வழிப்போக்கனைப் பார்ப்பது போலப் பார்த்தார். அவன் பேசப் பேச அந்த முகத்தில் கோபம் மெல்ல வந்து உட்கார்ந்தது, ஊருக்குப் போயிருந்த வீட்டுக்காரர் திரும்பி வந்து விளக்கை ஏற்றுவது போல.

"நிஜமாவே தொலைஞ்சாங்களா, தலைவி?" என்றான் ஐலிஃப். "இல்லே சும்மா வரவழைக்கிறாங்களா?"

"அதைக் கேட்க நான் யாரு?"

ஓட்வார் பேசி முடித்துக் கையை நீட்டினான். தோர்டிஸ் எழுந்திருக்கவில்லை. எதையோ விட்டுவிட்டாய் என்பது போல ஒரு விரலைத் தூக்கி ஆட்டினார்.

ஓட்வார் குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டான். தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தான்.